கோட்டையூர் ஹார்ட் டிஸ்க்

புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரத் தம்பி கேட்பார்: ''சார், எஸ்.எஸ்.டி. எவ்வளவு போடட்டும்? ஹார்ட் டிஸ்க் தனியா வேணுமா?''

நீங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ''எஸ்.எஸ்.டி. சின்னதா ஒண்ணு, ஹார்ட் டிஸ்க் பெரிசா ஒண்ணு'' என்பீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். முன்னது வேகம், விலை ஜாஸ்தி. பின்னது மெதுவு, இடம் தாராளம். பில் போட்டாச்சு, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. அப்புறம்தான் நிஜமான கேள்வி. எதை இதில் வைப்பது, எதை அதில் வைப்பது?

சரித்திரப் பத்தியில் கம்ப்யூட்டர் சமாசாரம் எதற்கு என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். கையெட்டும் தூரத்தில் எதை வைப்பது, உள்ளே பூட்டி எதை வைப்பது, ஊர் விட்டு ஊர் எதன் பிரதியை அனுப்பி வைப்பது... இந்தக் கவலையையே ஒரு வாழ்க்கைமுறையாக ஆக்கிக்கொண்டவர்கள் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார்கள். கம்ப்யூட்டரைச் செய்தவர்களுக்குத் தாத்தா வயசு அந்தக் கவலைக்கு.

செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் போயிருக்கிறீர்களா? முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். வெளியே ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை என்று இரட்டை இரட்டையாக இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு ஜோடி. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்து வாய் பிளக்கிற நாம், இந்த அறைகளைப் பார்த்ததும், 'இவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை சின்ன அறையிலா குடித்தனம் நடத்தினார்கள்?' என்று கேட்டுவிடுவோம். குடித்தனம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் வெளியே... வளவிலும், இரண்டாங்கட்டிலும், அடுப்படியிலும். படுக்கைகூடப் பல நாள் தாழ்வாரத்தில்தான். அறை என்பது முக்கியமாகச் சாமான் வைக்க!

கல்யாணத்தில் பெண்ணுக்கு வைக்கும் பாத்திர பண்டங்களைப் பரப்பி வைத்துக் காட்டுவார்கள். பித்தளை, எனாமல், ஜப்பான் பீங்கான், பிறகு எவர்சில்வர் என்று காலத்துக்கு ஏற்ப வகை மாறும். கரண்டி உள்பட எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. பரப்பியது முடிந்ததும் அத்தனையும் உள்ளறைக்குள் போய்விடும். தினப்படி சமையலுக்கு எடுப்பது அதில் நூற்றில் ஒரு பங்கு இருக்குமா என்பது சந்தேகம். மிச்சமெல்லாம் அடுத்த விசேஷத்துக்கு, அடுத்த தலைமுறைக்கு. அடுப்படி அலமாரி எஸ்.எஸ்.டி. என்றால் உள்ளறை ஹார்ட் டிஸ்க். ஆச்சி இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பாத்திரத்தை விடுங்கள். கணக்குக்கு வருவோம்.

ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கடை வைத்து வட்டித் தொழில் செய்த செட்டியார்கள், கணக்கை ஒரே இடத்தில் எழுதிவிட்டுத் தூங்கப் போனவர்கள் இல்லை. வந்ததையும் போனதையும் அந்த நிமிஷத்திலேயே கிறுக்கிவிடச் சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றப் பேரேடு. மொத்தத்தையும் திரட்டி, கடையின் நிலவரம் என்ன என்று ஒரே பார்வையில் காட்ட ஐந்தொகை. வெளிநாட்டுக் கடையைப் பெரும்பாலும் சம்பள ஏஜண்டு நடத்துவார், வழக்கமாக மூன்று வருஷத் தவணை. முதலாளி இங்கே கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். கணக்கு அவருக்குக் கப்பலேறி வந்தபடி இருக்கும்.

கவனித்துப் பாருங்கள். சிட்டையில் வேகம் முக்கியம், அழகு முக்கியமில்லை. அடித்துத் திருத்தலாம். பேரேடு மெதுவு, ஆனால் நிற்கவேண்டியது. ஊருக்கு வருவதோ, அங்கே என்ன ஆனாலும் இங்கே மிஞ்சவேண்டியது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்ட கடை மூன்று வருஷம் ஓடியிருக்காது.

அங்கே என்ன ஆனாலும் என்று சொன்னேன் அல்லவா, ஆகியும் விட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். (இதனால் பர்மியர்களுக்கு வந்த ஆத்திரம் நியாயமானதுதான். அது தனிக் கதை, இன்னொரு வாரத்துக்கு.) 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மீது ஜப்பான் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், அரக்கான் மலைப் பாதையிலும், மணிப்பூர்க் காட்டு வழியிலும் தப்பி ஓடிவந்தார்கள். நெல் வயலைச் சுருட்டி எடுத்து வர முடியுமா? இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏற முடியுமா? யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு மிஞ்சியது காகிதம்தான்.

காகிதம் மிஞ்சியதே தவிர நிலம் மிஞ்சவில்லை. பர்மா சுதந்திரம் அடைந்த 1948-லேயே நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்துவிட்டது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மிச்சமிருந்த கடைகளும் போயின. பிரதி எடுத்து வைப்பதால் சொத்து திரும்பி வராது. 'இது எங்களுக்கு இருந்தது' என்ற தகவல் மட்டும் அழியாமல் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பேக்கப்புக்கும் இதே விதிதான்.

சரி, இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அந்தக் காகிதங்கள் பிறகு என்ன ஆயின?

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். பங்காளிகள் பாகம் பிரித்து, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளில் பல பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும். அந்த வீடுகளின் கதவு, நிலை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம் எல்லாம் கடை கடையாக விலைக்கு நிற்கும். தேக்குத் தூணுக்கு விலை உண்டு. பேரேட்டுக்கு? பேரப்பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ''ஏம்ப்பா, இந்தப் பழங்காகிதத்தை வச்சுக்கிட்டு ராமபாணத்துக்கா தீனி போடுறது? எடைக்குப் போட்டுரலாமா?'' என்று ஆச்சி கேட்டால், ''போடுங்க ஆச்சி'' என்பதுதான் பதிலாக இருக்கும். தூணை விற்றவனுக்குத் தூண் போச்சு, அவ்வளவுதான். இன்னொரு தூண் எங்கேயாவது செதுக்கலாம். பேரேட்டை எடைக்குப் போட்டால் அதை மறுபடி எழுத யாராலும் முடியாது. எது விலை உயர்ந்தது என்பதும் எது திரும்பக் கிடைக்காது என்பதும் வேறு வேறு கேள்விகள். நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

இரண்டாவது கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு மனிதர் அதே பக்கத்தில் இருந்தார். காரைக்குடியை அடுத்த கோட்டையூர். பெயர் முத்தையா செட்டியார். ரோஜா முத்தையா என்றால்தான் தெரியும்.

மற்ற செட்டியார்கள் மாதிரி வட்டிக்கடை வைக்கவில்லை இவர். சென்னையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா' என்ற அடைமொழி அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டது. பலகை எழுதிய நேரம் போக மிச்ச நேரம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில். (அந்த மூர் மார்க்கெட்டும் 1985-ல் எரிந்துபோனது.) பிறகு சொந்த ஊருக்கே திரும்பி, வீடு முழுக்கச் சேர்த்தார். பாத்திரங்களுக்கென்று கட்டப்படும் அறைகள் உள்ள ஊரில், ஒரு மனிதர் வீடு கொள்ளாமல் காகிதத்தை நிரப்பினால் அக்கம்பக்கம் என்ன நினைத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

என்னென்ன சேர்த்தார்? 19-ம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள். இதை எந்தப் புத்தகப் பிரியரும் செய்வார். முத்தையா அங்கே நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கட்சித் துண்டுப் பிரசுரம், கிராமபோன் தட்டு, பிறர் எழுதிய கடிதங்கள்... வாங்கியவர்கள் படித்துவிட்டுத் தெருவில் போட்ட சங்கதிகள்! ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அதில் புத்தகம் பாதி, இப்படிப்பட்ட 'குப்பை' பாதி.

குப்பை என்று நான் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் காதில் போட்டுவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். கம்பராமாயணத்துக்கு ஆயிரம் பிரதி எப்படியும் இருக்கும். ஒரு ஊர்க் கொட்டகையில் நடந்த நாடகத்துக்கு, 'பெண்களுக்குத் தனி இடம்' என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அன்றைக்கு டிக்கெட் என்ன விலை, யார் ராஜபார்ட், எந்த வேளையில் நாடகம், யார் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் எந்தக் காவியத்திலும் இருக்காது. கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எந்தக் குடும்பத்தில் எப்போது உதிர்ந்தது, 'விவாஹ சுபமுகூர்த்தம்' எப்போது 'திருமண விழா' ஆனது என்று ஒரு சமூக மாற்றத்தையே தேதி போட்டுச் சொல்லும். சாலையோரம் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டே ஆ.இரா.வேங்கடாசலபதி 2004-ல் 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். யாரோ ஒருவர் அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அப்படிப்பட்ட புத்தகங்களை எழுத முடிகிறது.

1983-ல் முத்தையா காலமானார். தனி மனிதர் சேகரிப்புகளுக்கு ஆபத்து அந்தக் கட்டத்தில்தான் வரும். சேர்த்தவருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். குடும்பத்துக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். நல்ல வேளை, சிகாகோ பல்கலைக்கழகம் முழுத் தொகுப்பையும் வாங்கியது.

உடனே, 'ஐயையோ, தமிழன் சொத்து அமெரிக்கா போச்சா!' என்று பதறுவீர்கள். போகவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். காசு கொடுத்து வாங்கியவர்கள், மூலப் பிரதிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்குப் படச்சுருள் போதும் என்றார்கள். மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. முதலில் முகப்பேர், பிறகு தரமணி. கோட்டையூர்க் காகிதங்கள் மைக்ரோஃபிலிம் ஆயின. படச்சுருளின் பிரதி சிகாகோவுக்குப் போனது.

மைக்ரோஃபிலிம் வேலையில் உலகம் முழுக்க ஒரு முறை உண்டு. முதலில் எடுப்பது மூல நெகட்டிவ். அதை யாரும் தொடக்கூடாது. குளிரூட்டிய, ஈரமில்லாத அறையில் தூங்கவேண்டும். அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், பிரதி போடுவதற்கென்றே. அதிலிருந்துதான் வாசகர் கையில் தரும் சுருள். அது கீறினால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். முறையாகப் பாதுகாத்தால் மூலச் சுருளின் ஆயுள் 500 வருஷம் என்று கணக்கு. பழைய சிட்டை, பேரேடு, ஊருக்கு அனுப்பிய கணக்கு ஞாபகம் வருகிறதா? புழங்குவதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று, தொலைவில் ஒன்று.

கோட்டையூரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அழகப்பச் செட்டியாரை விட்டுவிட்டால் காரைக்குடிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அவரும் அதே கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறப்பு விழா. துருப்பிடிப்பது, உலோகப் பூச்சு, பேட்டரி எல்லாம் அங்கே ஆராய்ச்சி. ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் அலுமினியத் தட்டின் மேல் வழவழவென்று ஏற்றும் நிக்கல் பூச்சும் இந்த சாஸ்திரத்தைச் சேர்ந்ததுதான். ஒரே ஊரில் ஒருவர் காகிதத்தைச் சேர்க்க, இன்னொருவர் துருவை ஆராய இடம் கொடுத்திருக்கிறார். தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எடுத்து வைப்பதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. ஓலைச்சுவடியின் ஆயுள் நம்மூர் வெயிலிலும் ஈரத்திலும் இருநூறு, முந்நூறு வருஷம். அதற்குள் பார்த்துப் புது ஓலையில் எழுதவேண்டும். எழுதுபவர் கையில் ஓலை கொஞ்சம், நேரம் கொஞ்சம். எதை எழுதுவது என்று அவர் முடிவு செய்கிறார். எழுதாமல் விட்டது செத்துப்போகிறது. யாரும் கொளுத்தவேண்டாம், வெள்ளம் வரவேண்டாம். பிரதி எடுக்காமல் ஒரு தலைமுறை சும்மா இருந்தாலே போதும். சங்க இலக்கியத்தில் நமக்குக் கிடைத்தவை இப்படித் தலைமுறை தலைமுறையாக யாரோ தேர்ந்தெடுத்தவை. விடுபட்டவற்றில் சிலவற்றின் பெயர் மட்டும் உரைகளில் மிஞ்சியிருக்கிறது.

பத்திரமாக முடிப்பதாக நினைத்து அழித்த கதையும் உண்டு. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதுதான் சாஸ்திரமாம்! சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது பழைய ஓலை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது அப்படி அறியாமல் செய்ததில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1-க்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்கள், கூடவே ஓலைச்சுவடிகள். அச்சான புத்தகத்துக்கு இன்னொரு பிரதி லண்டனிலோ சென்னையிலோ கிடைத்துவிடலாம். வேறெங்கும் இல்லாத சுவடிக்கு? அந்த நூலகம் அற்புதமான நூலகம். ஆனால் அங்கே இருந்தவற்றில் பல அங்கே மட்டுமே இருந்தன. 2005-ல் ஈழத்துத் தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்யும் 'நூலகம்' திட்டத்தை இளைஞர்கள் தொடங்கினார்களே, அவர்கள் மனசில் அந்த நெருப்பு எரிந்திருக்காது என்று என்னால் நம்பமுடியவில்லை.

இப்போது உங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் எப்படி வாழ்கின்றன, எப்படிச் சாகின்றன என்று தெரிந்தால் எதை எங்கே வைப்பது என்பது தானாகவே பிடிபடும்.

ஹார்ட் டிஸ்க் கிழவர். 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னை ஒட்டி. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. உங்கள் செல்போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோ அதில் திக்கித் திணறித்தான் உட்காரும்! இன்றும் அடிப்படை அதே. காந்தத் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு முனை பறந்துகொண்டே படிக்கிறது. வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் மெதுவு. கீழே விழுந்தால் கதை கந்தல். ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். டக்... டக்... என்று சத்தம் வரும், ஃபைல் திறக்கத் தாமதமாகும். உஷாராக இருப்பவர்கள் அந்த அவகாசத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

எஸ்.எஸ்.டி. என்ற சாலிட் ஸ்டேட் டிரைவில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. தோஷிபாவில் வேலை செய்த ஃபூஜியோ மசுவோகா 1984-ல் உலகுக்குச் சொன்ன ஃபிளாஷ் மெமரியின் வாரிசு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறது. இருந்தால் ஓர் அர்த்தம், இல்லாவிட்டால் இன்னோர் அர்த்தம். எந்தச் சிறையை வேண்டுமானாலும் உடனே எட்டிப் பார்க்கலாம் என்பதால் ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்கு சுறுசுறுப்பு. ஆனால் எழுதி அழித்து எழுதி அழித்துச் சிறைச் சுவர் தேயும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டால் கைதிகள் மெல்லக் கசிவார்கள். அப்படித் தேய்ந்த ஒன்று 30 டிகிரி வெப்பத்தில், கரண்ட் இல்லாமல், ஒரு வருஷம் தாங்கினால் பாஸ் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி-க்கான தரவிதி. புதுசு அதைவிட நிறையவே தாங்கும். ஆனாலும் சூடு ஏற ஏற ஆயுள் குறையும். காரைக்குடியில் மே மாதம் 30 டிகிரிக்கு எங்கே போவது? தவிர, இது சாகும்போது சத்தம் போடாது. நேற்று இருந்தது, இன்று இல்லை. அழித்த ஃபைலைத் தோண்டி எடுப்பதும் இதில் ரொம்பக் கஷ்டம், அழித்த இடத்தை அதுவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும்.

ஆகவே விண்டோஸ், நீங்கள் போடும் மென்பொருள்கள், இன்றைக்கு வேலை நடக்கும் ஃபைல்கள் எல்லாம் எஸ்.எஸ்.டி-க்கு. வேகம் அங்கேதான் பிரயோஜனம். போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், தலைவலிதான், இழப்பில்லை. சினிமா, பாட்டு என்று இடத்தை அடைக்கும் சமாசாரம் ஹார்ட் டிஸ்க்குக்கு. ஒரு படம் திறக்க அரை செகண்டு தாமதமானால் யாரும் செத்துப்போவதில்லை.

சிக்கல் மூன்றாவது வகையில். குடும்ப போட்டோக்கள், அப்பத்தா பேசியதைப் பதிவு செய்த ஆடியோ, ஸ்கேன் செய்த பழைய பத்திரம், நீங்கள் எழுதியவை. 'எதில் வைக்கட்டும், எஸ்.எஸ்.டி-யா, ஹார்ட் டிஸ்க்கா?' என்று கேட்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டையும் ஒரே மின்னல், ஒரே திருடன், ஒரே வைரஸ் கொண்டுபோய்விடும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2000-களில் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வெளியூரில். ரங்கூன் கடை முதலாளி இதைக் கேட்டிருந்தால், ''இதுக்கா அமெரிக்காவிலேர்ந்து ஆள் வரணும்?'' என்றிருப்பார்.

வெளியூர் என்றால் இன்று பலருக்குக் க்ளவுட். யாரோ ஒரு கம்பெனியின் ஹார்ட் டிஸ்க்குதான் அதுவும். பாஸ்வேர்டை நீங்கள் மட்டும் வைத்திருந்தால், உங்களுக்குப் பிறகு அது சாவி தொலைந்த உள்ளறை. அதற்கு மதுரையில் இருக்கும் தம்பி வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைப்பது ஒன்றும் மட்டமில்லை. தம்பியிடம் சொல்லி வருஷத்துக்கு ஒருமுறை, போகிப் பண்டிகைக்கு வீடு ஒழிக்கும்போதாவது, செருகி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். (போகி என்றதும் தூக்கிப் போட்டுக் கொளுத்திவிடப் போகிறார், ஜாக்கிரதை.) ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றவேண்டும். ஓலையை முந்நூறு வருஷத்தில் பெயர்த்து எழுதினால் போதும். நம் காலத்து ஓலைக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.

மாற்றும்போதுதான் மறுபடியும் அந்தப் பழைய ஏடெழுதியவரின் நிலைமை வரும். இடம் இல்லை, எதை அழிப்பது? அப்போது முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குக் காசு கொடுத்து எடுத்த நாலு மணி நேர வீடியோவின் மேல் நீங்கள் கை வைக்கமாட்டீர்கள். அது பத்திரமாகத்தான் இருக்கும், சம்பந்தி வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். கை போவது வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகை மேல்தான். பந்தியில் என்ன போடுவது என்று சமையல்காரரிடம் பேசி எழுதிய பட்டியல், மொய் எழுதிய நோட்டின் போட்டோ, மண்டபத்து பில். பட்டியலில் இட்லிக்கு எத்தனை படி, வெள்ளைப் பணியாரம் உண்டா, ஆள் ஒன்றுக்கு என்ன ரேட் என்று இருக்கும். நூறு வருஷம் கழித்து 2020-களில் ஒரு காரைக்குடிக் கல்யாணம் எப்படி நடந்தது என்று தேடுகிறவன் வீடியோவில் முகங்களைப் பார்ப்பான். விலையும் அளவும் அவனுக்கு அந்தப் பட்டியலில்தான் கிடைக்கும். மொத்தமே கொஞ்சம் இடம்தான் அடைக்கும்.

இன்னொரு விஷயம். எல்லா போட்டோவுக்கும் கேமரா வைத்த பெயர் ஓர் எண்தான். அதில் நிற்கிறவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஃபைல் பெயரிலேயே தமிழில் தட்டிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவர் முழுக்க மாட்டியிருக்கும் கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகையும் கடுக்கனுமாக ஜம்மென்று உட்கார்ந்திருப்பார் ஒருவர். படம் நூறு வருஷம் தாண்டி நன்றாகவே இருக்கும். இது யார் என்று கேட்டால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொல்வார்: ''யாரோ இந்த வீட்டு ஐயா தாங்க. பேரு தெரியலை.''